ஒரு பிடியும் விழாத வண்டி

காலை ஆறு மணிக்குத் தன்யஸ்ரீ அடுப்பின் முன் நின்று, அதன் கண்ணாடிப் பட்டையில் வலது உள்ளங்கையை வைத்தாள். அடுப்பு அவளை அறிந்துகொண்டு பச்சை விளக்கைக் காட்டியது. விளக்கின் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி ஓடியது: 'இன்னும் முப்பத்தெட்டு நாள்.' அறுபதாவது பிறந்தநாளன்று தொண்ணூறில் தொடங்கிய எண் அது. கத்திகள் இருக்கும் இழுப்பறை, மருந்துப் பெட்டி, மொட்டைமாடிக் கதவு என்று எதைத் தொட்டாலும் அதே வரிதான் முகம் காட்டும். முதல் வாரம் அதைப் படித்தாள். இரண்டாம் வாரம் படிக்காததுபோல் இருக்கப் பழகினாள். இப்போதெல்லாம் பால் பொங்குகிறதா என்று பார்ப்பதைப்போல அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள்.

கேழ்வரகுக் கஞ்சியைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு கணவனின் அறைக்குப் போனாள். மிதுன் சன்னலோரக் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதம் அவனுடைய வலப்பக்கத்தையும் பேச்சில் பாதியையும் கொண்டுபோயிருந்தது. மிஞ்சிய பாதியில் அவன் கிண்டலை மட்டும் பத்திரமாக வைத்திருந்தான்.

“இட்லி கல்லாட்டம் இருக்குது” என்றான், நாக்கைப் புரட்டிப் புரட்டி.

“இது கஞ்சி, மிதுன்.”

“அப்பக் கஞ்சி கல்லாட்டம் இருக்குது.”

“பேசாம ஆ காட்டு.”

அவன் வாயைத் திறந்தான். கட்டிலுக்கு மேலே சுவரில் ஓர் ஊட்டுகரம் மடங்கிக் கிடந்தது. வெள்ளை நிறம், மூன்று மூட்டுகள், நுனியில் ஒரு கரண்டி. அரசு கொடுத்தது. அதற்கு அவன் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. தன்யஸ்ரீ கண் அறுவைக்காகப் பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தபோது அந்தக் கரம் வேளை தவறாமல் கரண்டியை நீட்டியது. இவனும் வேளை தவறாமல் பல்லைக் கடித்துக்கொண்டான். கடைசியில் மூக்கு வழியாகக் குழாய் இறக்கினார்கள். அவள் திரும்பி வந்தபோது அவன் ஒன்பது கிலோ இளைத்திருந்தான். பிடிவாதம் என்று சொன்னார் மருத்துவர். தன்யஸ்ரீக்கு அப்படித் தோன்றவில்லை. உடம்பில் அவன் சொல்லுக்குக் கட்டுப்படும் கதவு அது ஒன்றுதான். அதை யாருக்குத் திறப்பது என்பதையாவது தானே முடிவு செய்ய நினைத்தான்.

அக்காலத்து அரசு கொடுமையான அரசு அன்று; அதையும் சொல்லத்தான் வேண்டும். யாரும் பசித்திருக்கவில்லை. அறுபது நிறைந்தவர்களைக் காப்புநிலை என்ற ஏற்பாட்டில் வைத்து, சூடு படாமலும் வழுக்கி விழாமலும் வீடுகளே பார்த்துக்கொண்டன. காப்புநிலைக்கு வந்தவர் கைவைத்தால் அடுப்பு எரியாது. கத்தி இழுப்பறை திறக்காது. வேண்டியதெல்லாம் தானாக வந்து சேரும். ஒரே ஒரு விதிதான் இடறியது. காப்புநிலையில் இருப்பவர் இன்னொருவரைக் காக்க முடியாது. நீந்தத் தெரியாத இருவர் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டால் இருவருமே மூழ்குவார்கள் என்பது சட்டம் எழுதியவர்களின் எண்ணம். அடுப்பில் ஓடும் எண் தீர்ந்துபோகும் நாளில், பொள்ளாச்சிச் சாலையில் உள்ள ஆண்கள் காப்பில்லத்திலிருந்து மிதுனை அழைத்துப்போக வண்டி வரும். அங்கே ஊட்டுவதற்கு நூற்றிருபது கரங்கள் இருந்தன.

தப்புவதற்கு ஒரு வழி இருந்தது. அதன் பெயர் தன்பொறுப்புச் சான்று. முன்னொரு காலத்தில் ஓட்டுநர் உரிமம் என்ற அட்டையைக் காட்டினால், இவர் விவரம் தெரிந்த முழு ஆள் என்று எல்லா அலுவலகங்களும் ஒப்புக்கொள்ளுமாம். பிறகு சாலைகள் தன்னோட்டு வண்டிகளின் கைக்குப் போயின. மனிதர் கையால் ஓட்டுவது தடைசெய்யப்பட்டது. ஆனால் சட்டத்தில் அந்த ஒரு வரியை எடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. ஆகவே, என் பொறுப்பை நானே ஏற்கிறேன் என்று அறுபது வயதில் மெய்ப்பிக்க நாட்டில் ஒரே ஒரு தேர்வுதான் எஞ்சியிருந்தது. மூடிய ஓடுகளத்தில், தொடக்கநிலையினருக்கான களநாள்கள் மூன்றில், சொந்த வண்டியைச் சொந்தக் கையால் ஓட்டிக் காட்ட வேண்டும். சாதாரணக் கார்களோ எப்போதோ உருக்கப்பட்டுவிட்டன. செல்வந்தர்கள் ஆசைக்காகத் துணிபோட்டு மூடி வைத்திருந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் மட்டுமே பிழைத்திருந்தன. அதனால்தான், வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொட்டறியாத தன்யஸ்ரீ, கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கக் கிளம்பினாள்.

தம்பி நிகிலேஷ் வாசலில் நின்றிருந்தான். ஐம்பத்தாறு வயது, புள்ளிவிவரத் துறையில் வேலை பார்த்தவன். கணவன் மனைவி அல்லாத யாரையும் வீட்டுக் காப்பாளராகச் சட்டம் ஏற்காததால், மிதுனின் பொறுப்பை அவன் ஏற்க வழியில்லை. கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தான்: எடை, குதிரைத்திறன், டயரின் வயது, பிரேக் தட்டின் தடிப்பு, பிடிப்பதிவு. அவனும் அவளும் நட்சத்திர மதிப்பீட்டைப் பார்க்காமல் ஒரு செருப்புக்கூட வாங்கியறியாத தலைமுறையினர். ஒரு பொருளுக்கு எண் இருந்தால் அந்த எண்தான் பொருள் என்று இருவரும் வெகுளியாக நம்பினார்கள்.

போத்தனூரில், கைவிடப்பட்ட ரயில் கொட்டகை ஒன்றில் ரிஸ்வான் கையோட்டு வண்டிகளை விற்றுவந்தார். எழுபது வயதிருக்கும், அவரே ஒரு காலத்தில் தேர்வில் தேறித் தப்பியவர்.

“வாங்கம்மா, வாங்க. ஆருக்குங்க வண்டி, தம்பிக்கா?”

“எனக்குத்தானுங்க பாய்.”

“அறுபதா? நம்பவே முடியலீங்களே!”

“வர்றவங்க எல்லார்த்துகிட்டயும் இதத்தான் சொல்லுவீங்களா?”

“ஆமாங்க. இங்க வர்றவங்க எல்லார்த்துக்கும் அறுபதுதானுங்களே.”

வாசலருகே தாழ்ந்து அகன்ற மஞ்சள் கார் ஒன்று, இரையை விழுங்கிய முதலையைப்போலப் படுத்திருந்தது. நிகிலேஷ் அதன்மேல் கைவைத்ததும் ரிஸ்வான் தலையாட்டினார். “அது வேண்டாமுங்க. ஐந்நூறு குதிரை. பழகாதவங்க கால வெச்சா, கால் இங்க இருக்கும், வண்டி காரமடையில நிக்கும். மொத மொதல்ல ஓட்டறவங்களுக்கு எடை கம்மியா, சக்தி கம்மியா, ரெண்டு சீட்டு வண்டிதான் நல்லது. தப்புப் பண்ணுனா அது மெதுவாச் சொல்லும். பெரிய வண்டி சொல்லாது, சுவத்துல கொண்டுபோய்க் காட்டிப்போடும்.”

கொட்டகையின் உள்பக்கத்தில் அப்படிப்பட்ட வண்டிகள் இரண்டு நின்றன. இரண்டும் ஒரே வார்ப்பு. ஒன்று சாம்பல், மற்றொன்று சிவப்பு. நிகிலேஷ் தரையில் மல்லாந்து படுத்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு சாம்பல் வண்டியின் அடியில் நுழைந்தான்.

“நிகி, சட்டையெல்லாம் மசி!”

“இருக்கா. அடிச்சட்டத்துல ஒட்டு போட்டிருக்கான்னு பாக்கறேன்.” அடியிலிருந்து குரல் வந்தது. “ஒட்டே இல்ல. துரு இல்ல. பிரேக் தட்டு புதுசாட்டம் இருக்குது. பாய், பிடி எத்தனைங்க?”

அதுதான் முதன்மையான கேள்வி. ஒவ்வொரு கையோட்டு வண்டிக்குள்ளும் காவல்கரம் என்ற இயந்திர அறிவு ஒன்று குடியிருந்தது. ஓட்டுபவர் ஆபத்தை நெருங்குகிறார் என்று அதற்குத் தோன்றினால் ஸ்டியரிங்கை இறுக்கி, வண்டியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, ஓரமாக நிறுத்திவிடும். அதற்குப் பிடி என்று பெயர். மூன்று களநாள்களிலுமாக முப்பது சுற்று. ஒவ்வொரு சுற்றையும் மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஊர்ந்து போய் ஏமாற்ற முடியாது. அந்த முப்பது சுற்றில் மூன்று பிடி விழுந்தால் தேர்வு போயிற்று. ஒருமுறை பிடித்த வண்டி கடித்துப் பழகிய நாயைப்போல மறுபடியும் பிடிக்கும் என்று ஊரே நம்பியது.

“சாம்பலுக்கு ஒண்ணுகூட இல்லீங்க” என்றார் ரிஸ்வான். “பதினோரு வருசம், ஒரே ஆள். ஞாயித்துக்கிழமையானா வருவாரு, இருவது சுத்து ஓட்டுவாரு, வண்டியத் தொடைப்பாரு, போயிருவாரு. வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசி நான் கேட்டதில்ல. வீட்டுல ஆருமில்ல. போன வருசம் அவரு தவறுனப்ப, தகவல் சொல்ல ஆளில்லாம வண்டிதான் ஆபீசுக்குச் சொல்லுச்சு.”

“சிவப்பு?”

“நாப்பத்தொண்ணு.”

நிகிலேஷ் அடியிலிருந்தே சிரித்தான். “நாப்பத்தொண்ணா! அது வண்டியா, மாட்டுக்கொட்டாயாங்க?”

“பீளமேட்டு அம்மா ஒருத்தரு வெச்சிருந்தாங்க. மூணு புள்ளைங்க. ஏறும்போதும் அழுவாங்க, எறங்கும்போதும் அழுவாங்க. ஆனாலும் ஒன்பது வருசம் ஓட்டுனாங்க.” ரிஸ்வான் சற்றுத் தயங்கினார். “எனக்கென்னமோ சிவப்பு தேவலைன்னு படுதுங்க. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.”

தன்யஸ்ரீ சிவப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். இருக்கை ஒருபக்கம் அமுங்கியிருந்தது. ஸ்டியரிங்கின் தோலில் யாரோ இறுகப் பற்றிய விரல்களின் தடம் பதிந்திருந்தது. அவளுடைய விரல்கள் தாமாகவே அந்தத் தடங்களில் போய் அமர்ந்தன. ஒரு கணம், இதுவே போதும் என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு நாற்பத்தொன்று என்ற எண் நினைவுக்கு வந்தது. மூன்று பிடியில் மிதுன் போய்விடுவான். நாற்பத்தொரு பிடி பிடித்த வண்டியை எந்த நம்பிக்கையில் வாங்குவது? அவள் இறங்கினாள்.

“சாம்பலே இருக்கட்டுங்க பாய்” என்றாள்.

ரிஸ்வான் சாவியை எடுத்துக் கொடுத்தார். காரணம் சொல்லத் தெரியாதவர், எண்ணோடு வந்தவர்களிடம் என்ன வாதாட முடியும்?

சொந்த வண்டியைக் களநாளுக்கு முன் ஓட்டக் கூடாது என்பது விதி. வண்டியைப் பழக்கிவைத்துத் தேர்வை ஏமாற்றிய சிலரால் வந்த விதி. ஆகவே பல்லடம் சாலையில் இருந்த ஓடுகளத்தின் பயிற்சி வண்டியில் இரண்டு வாரம் அவள் பழகினாள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது, கண்ணை வளைவின் முடிவுக்கு அனுப்பிவிட்டுக் கையை அதன் பின்னால் போகவிடுவது, வெளியேறும்போது மட்டும் மெல்ல அழுத்துவது என ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. களத்தின் தேர்வாளர் ஜெபசெல்வி, நாற்பது வயதுப் பெண், நாசரேத்துக்காரர், ஒருநாள் சொன்னார்: “இவ்ளோ சுத்தமா வளைவு எடுக்கறவங்கள நான் இந்த வருஷம் பாக்கலம்மா. பயப்படாம வாங்க.”

முதல் களநாள் வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு வெயில் இன்னும் ஏறவில்லை. தன்யஸ்ரீ சாம்பல் வண்டியில் மூன்று சுற்றுகளைப் பழுதின்றி முடித்தாள். நான்காம் சுற்றின் நடுவே, அகன்ற எளிய வளைவொன்றில், மிதுனுக்குக் காலைக் கஞ்சியை அவசரத்தில் முழுவதும் ஊட்டாமல் வந்தது நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான். கையிலிருந்த ஸ்டியரிங் கல்லைப்போல இறுகியது. வண்டி தானே வேகம் குறைந்து, தானே ஓரம் கட்டி, தானே நின்றது.

“அமைதியாக இருங்கள். உங்களைப் பாதுகாத்துவிட்டோம்” என்றது காவல்கரத்தின் இனிய குரல்.

நிகிலேஷ் ஓடிவந்து பதிவைப் பார்த்தான். வேகம் சரி. கோணம் சரி. டயர் வழுக்கவே இல்லை. புள்ளிவிவரத்தில் முப்பது ஆண்டு உழன்றவன், முதல்முறையாக ஓர் எண்ணைப் பார்த்து விழித்தான்.

மீதிச் சுற்றுகளை முடித்துவிட்டு, அன்று மாலையே அக்காவும் தம்பியும் போத்தனூருக்குப் போனார்கள். ரிஸ்வான் இரு வண்டிகளின் முழுப் பதிவையும் திரையில் விரித்தார். நெடுநேரம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“சிவப்போட நாப்பத்தொரு பிடியும் மொத வருசத்துல விழுந்ததுங்க. அதுக்கப்புறம் எட்டு வருசம் ஒண்ணுகூட இல்ல. நாம மொத்தத்தத்தான் பாத்தோம், எப்ப நின்னுச்சுன்னு பாக்கல.”

“அந்தம்மா நல்லா ஓட்டப் பழகிட்டாங்களா?” என்று கேட்டாள் தன்யஸ்ரீ.

“அவங்க பழகலீங்க. வண்டி பழகிருச்சு. காவல்கரம் வளைவ மட்டும் பாக்கறதில்லம்மா. ஸ்டியரிங் வழியா உங்க நாடியப் பாக்குது, வேர்வையப் பாக்குது, மூச்சப் பாக்குது. இத்தன நாளும் ஓட்டுனவரு நாடிதான் அதுக்கு அளவு. அதவிட்டு வெலகுனா ஆபத்துன்னு நெனச்சுப் புடிக்குது. அந்தப் பீளமேட்டம்மா பயந்து பயந்தே ஓட்டுனதுல, பயம்னா அது சகஜம்னு சிவப்பு கத்துக்கிச்சு. சாம்பலுக்கு அப்பிடி ஆரும் கத்துக் குடுக்கலீங்க.”

அவர் திரையை அணைத்தார்.

“எங்க அத்தா ஒரு கதை சொல்லுவாரு. ஒரு ஊர்ல வண்டிக்காரன் ஒருத்தன், பேச்சு வராதவன். அவங்கிட்ட ஒரு மாடு. பதினோரு வருசம் அது காதுல ஒரு சொல்லு உழுந்ததில்ல. திட்டுமில்ல, கொஞ்சலுமில்ல. கவுத்த இழுத்தா நடக்கும், உட்டா நிக்கும். இத்தன சாதுவான மாடு உண்டான்னு ஊரே மெச்சுச்சு. அவன் போனதுக்கப்புறம் ஒரு குடியானவன் அத வாங்கிட்டுப் போனான். வாசல்ல அவன் பொஞ்சாதி ஓடியாந்து, 'வாடா என்ற தங்கம்'னு கழுத்தக் கட்டுனா. மாடு மெரண்டு, வேலியத் தாண்டி ஓடியே போச்சு. அடிக்குப் பயந்து ஓடலீங்க. கேட்டே இராத சத்தத்துக்குப் பயந்து ஓடுச்சு.”

நிகிலேஷ் சாம்பல் வண்டியின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“வண்டிய மாத்திக்கலாமுங்களா?” என்றான் நிகிலேஷ்.

“மொத களநாள் ஓட்டியாச்சுங்களே. மூணு நாளும் அதே வண்டிதான். விதி.”

“பழக்கிப்போடலாமா?”

“எரநூறு சுத்தாவது ஆகும். உங்களுக்கு இருக்கறது இருவது.”

நிகிலேஷ் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டான். “நாந்தானக்கா அந்தக் கணக்கப் புடிச்சுத் தொங்குனது.”

“ரெண்டு பேருந்தான்” என்றாள் தன்யஸ்ரீ. “எந்திரி. மிதுனுக்குச் சாப்பாட்டு நேரம்.”

அடுத்த வாரம் முழுவதும் அவள் ஒரு விந்தையான பயிற்சியில் ஈடுபட்டாள். கணவனை நினைத்தால் நாடி எகிறுகிறது; ஆகவே கணவனை நினைக்காமல் இருக்கக் கற்க வேண்டும். மாத்திரை போட்டால் இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். அதனால் மூச்சை எண்ணினாள். விரலில் நாடிமானியை மாட்டிக்கொண்டே துணி மடித்தாள், காய் நறுக்கினாள். கஞ்சி ஊட்டும்போது மிதுனுக்குப் புரையேறினால்கூட முதலில் நாடிமானியைப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு, எண்பத்தாறு, எண்பத்தொன்று.

மிதுன் அதைக் கவனித்தான். “என்ற மூஞ்சியப் பாக்காம அதப் பாக்கற.”

“உனக்காகத்தான் மிதுன்.”

“தெரியுது.” சற்று நேரம் கழித்து, “நல்லாவே இல்ல” என்றான்.

இரண்டாம் களநாளில் எட்டுச் சுற்று வரை எல்லாம் நன்றாகப் போயிற்று. ஒன்பதாம் சுற்றில், நினைக்கவில்லை, நினைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவள், எதை நினைக்கவில்லை என்பதை நினைத்துவிட்டாள். ஸ்டியரிங் இறுகியது. இரண்டாம் பிடி.

இனி ஒன்று விழுந்தால் முடிந்தது. மூன்றாம் வியாழக்கிழமை காலையில் அடுப்பு 'இன்னும் ஐந்து நாள்' என்றது. தன்யஸ்ரீ மிதுனுக்கு நிதானமாகக் கஞ்சி ஊட்டினாள், ஒரு வாய்கூட மிச்சம் வைக்காமல். பகல் உணவுக்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னாள். அவன் இடக்கையால் அவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்து, “மெதுவாப் போ” என்றான். ஓடுகளத்துக்குப் போகிறவளிடம் சொல்லும் சொல்லா அது என்று கேட்டு அவள் சிரித்தாள்.

அன்று அவள் ஒரு முடிவோடு வண்டியில் ஏறினாள். எதையும் நினைக்காமல் இருப்பதற்குப் பதிலாகச் சாலையை மட்டும் நினைப்பது. வெள்ளைக் கோடு, சிவப்பு விளிம்பு, வளைவின் முடிவு. முதல் சுற்று போயிற்று. மூன்றாவது போயிற்று. ஆறாம் சுற்றில் அவள் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. வண்டியின் எடை ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்கு மாறுவதைத் தன் இடுப்பில் உணர்ந்தாள். வளைவுகள் ஒன்றிலிருந்து ஒன்று அவிழ்ந்துகொண்டே வந்தன. அந்த நேரத்தில் அவளுக்கு வீடில்லை, கட்டிலில்லை, அறுபது வயதில்லை. அவளுக்கு முன் பதினோரு ஆண்டு அதே இருக்கையில் அமர்ந்திருந்த அந்தப் பேசாத மனிதரைப்போல, அவளும் யாருமற்றவளாக ஓட்டினாள். நாடி அறுபத்துநான்கில் நின்றது. ஏழு, எட்டு, ஒன்பது. சாம்பல் வண்டிக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

பத்தாம் சுற்றில் கடைசி வளைவு வந்தது. அதை எடுத்து வெளியேறினால் நேர்பாதை. நேர்பாதையின் முடிவில் கோடு. கோட்டின் பக்கத்தில் நிகிலேஷ் வேலியின்மேல் பாதி ஏறி நின்று, கழுத்துத் துண்டை உருவித் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டிருந்தான். ஐம்பத்தாறு வயதுக்காரன் குதித்தான். அதைப் பார்த்ததும் தன்யஸ்ரீக்குப் புரிந்துவிட்டது: முடிந்தது, ஜெயித்தாயிற்று, மிதுன் வீட்டிலேயே இருப்பான்.

அவளுக்குள் ஏதோ ஒன்று துள்ளி எழுந்தது. நாலு வருடமாக அவள் அறியாதது. அதற்குப் பெயர் தேட அவளுக்கு நேரமிருக்கவில்லை.

ஸ்டியரிங் இறுகியது.

“இல்ல, இல்ல! பயமில்ல. இது பயமில்ல! உடு!” என்று கத்தினாள் தன்யஸ்ரீ. இரு கைகளாலும் திருப்பினாள், காலால் உதைத்தாள். வண்டி கோட்டுக்கு நாற்பது அடி முன்னால் பூப்போல ஓரம் கட்டி நின்றது.

“அமைதியாக இருங்கள். உங்களைப் பாதுகாத்துவிட்டோம்.”

ஜெபசெல்வி நடந்து வந்தார். ஓடிவர வேண்டிய அவசரம் ஏதும் இல்லை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது. கதவைத் திறந்து, தரையில் குந்தி உட்கார்ந்து, அவள் முழங்காலில் கைவைத்தார்.

“மேடம், நான் பயப்படலீங்க. சந்தோசப்பட்டேன். அவ்வளவுதானுங்க. சந்தோசப்பட்டது தப்புங்களா?”

“நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா. நான் பாத்துட்டுதான் இருந்தேன்.” ஜெபசெல்வி கையிலிருந்த திரைப்பலகையை அவள் பக்கம் திருப்பினார். “இங்க 'கலக்கம்'னு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. நாடி எகிறினா அதுதான் விழும். எதனாலன்னு எழுத இடம் விடல.”

“நீங்க எழுதிக் குடுக்கலாமுங்களே.”

“முன்னாடி ரெண்டு பேருக்கு எழுதிக் குடுத்தேன். அது யாருகிட்டப் போகுதுன்னு எனக்கே தெரியலம்மா.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு பலகையில் விரலை வைத்தார். வைக்காமல் விட்டாலும் கால் மணி நேரத்தில் அது தானே பதிந்துகொள்ளும்.

தன்னோட்டு வண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் நிகிலேஷ் பேசிக்கொண்டே வந்தான். மேல்முறையீடு, மனு, தெரிந்த வக்கீல். தன்யஸ்ரீ மிதுனின் சாப்பாட்டு நேரத்தை எண்ணிக்கொண்டு வந்தாள். பகல் பன்னிரண்டரைக்கு வாசலுக்கு வந்து கதவில் உள்ளங்கையை வைத்தாள். முப்பது ஆண்டுகளாக அவளுக்குத் திறந்த கதவு.

'காப்புநிலையினர், காக்கப்படுபவருடன் தனித்திருக்க அனுமதியில்லை. அலுவலர் வரும்வரை காத்திருக்கவும்' என்று காட்டியது கதவு.

“இன்னும் அஞ்சு நாள் இருக்குதுன்னு சொன்னியேடா!” என்று கதவைப் பார்த்தே கத்தினாள். தேர்வுக்குப் போகாதவர்களுக்குத்தான் அந்த ஐந்து நாள் என்பதும், தோற்றவர்களுக்கு முடிவு அந்தக் கணமே என்பதும் அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. நிகிலேஷின் கைக்கும் கதவு அசையவில்லை. அவன் அதை ஓர் உதை உதைத்துவிட்டு, அலுவலரைக் கையோடு கூட்டிவருவதாகச் சொல்லித் தெருவுக்கு ஓடினான்.

அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டுச் சன்னலுக்குப் போனாள். கம்பிக்கும் வலைக்கும் அப்பால், இரண்டு முழத் தொலைவில், மிதுன் சாய்ந்திருந்தான்.

“ஏன் அங்க நிக்கற?” என்றான்.

“கதவு கோளாறு பண்ணுது.”

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பேச்சுத்தான் பாதி போயிருந்தது. பார்வை முழுதாக இருந்தது. “போச்சா?” என்று கேட்டான்.

“கடைசி வளைவுல” என்றாள்.

“மெதுவாப் போன்னு சொன்னேன்ல” என்றான் மிதுன். உதட்டின் இடப்பக்கம் சிரித்தது.

அப்போது சுவரில் மடங்கிக் கிடந்த ஊட்டுகரம் மூட்டு மூட்டாக விரிந்தது. வீடே கஞ்சி காய்ச்சியிருந்தது. கரண்டி அவன் உதட்டருகே வந்து நின்றது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். கரண்டியும் திரும்பியது.

அரைமணி நேரம் அது காத்திருக்கும். அதற்குப் பிறகு குழாய் வரும். குழாய் இறங்கியபோது அவன் எப்படித் திமிறினான் என்பதை அவளுக்குச் செவிலி சொல்லியிருந்தாள். மூக்கின் உட்புறத்தில் ஆறாமல் கிடந்த புண்ணுக்கு இரண்டு மாதம் மருந்து போட்டவள் தன்யஸ்ரீதான். அவள் சன்னல் கம்பிகளைப் பற்றிக்கொண்டு பார்த்தாள். பத்து நிமிடம் போயிற்று. பதினைந்து போயிற்று. கரண்டிக்குச் சலிப்பில்லை.

“மிதுன்” என்றாள். “இங்க பாரு. என்னையப் பாரு.”

அவன் முகத்தைத் திருப்பினான்.

“ஒரே ஒரு வாய். எனக்காக. ஆ காட்டு, மிதுன்.”

அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். அவள் கைகூப்பினாள். அவளிடமிருந்து கண்ணை எடுக்காமல் அவன் வாயைத் திறந்தான். கரண்டி உள்ளே போய் வெளியே வந்தது. அவன் விழுங்கினான்.

“அவ்வளவுதான். இன்னொரு வாய். ஆ காட்டு, மிதுன்.”

திறந்தான், விழுங்கினான். மூன்றாவது முறையும் அவள் சொன்னாள். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டாள். அதற்குத்தான் இரண்டு வாரம் பழகியிருந்தாளே. ஊட்டுகரத்தின் தோள்மூட்டில் பச்சை விளக்கு ஒன்று எரிந்து அடங்கியது.

நான்காவது கரண்டி உதட்டருகே வந்து நின்றது. தன்யஸ்ரீ மூச்சை இழுத்துக்கொண்டாள். அவள் வாய் திறப்பதற்குள் அறைக்குள்ளிருந்து அவளுடைய குரலே கேட்டது. பரிவும் நிதானமும் சற்றும் குறையாமல்.

“ஆ காட்டு, மிதுன்” என்றது ஊட்டுகரம்.

சன்னலைப் பார்த்தபடியே அவன் வாயைத் திறந்தான்.